"வே"க்குப் பிறகு வரும் சொல்

முத்து,

இதை உட்கார்ந்து படி. நின்றுகொண்டே படிக்கத் தொடங்கினால் பாதியிலேயே உனக்குக் கால் கடுக்கும், எனக்கோ சொல்ல நிறைய இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் நான்தான் பேசுவேன், நீ "உம்" போடுவாய், அதுவும் நான் விட்ட இடைவெளியில். தாளில் எழுதினால் குறைந்தபட்சம் நீ என்னை நடுவில் நிறுத்திவிட்டுப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அந்தச் சுதந்திரத்தையாவது உனக்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துவிடு, வாத்தியார்தானே நீ.

ஞாயிற்றுக்கிழமை ஆரியசாலையில் ஆனந்தி வீட்டில் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெண் பார்க்கப் போன இடம், காபி வந்துவிட்டது, எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது அந்தப் பெண்ணின் அப்பா, மொத்தக் கடையில் முப்பது வருஷம் நின்ற மனுஷன், மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியில் ஒன்று பேசத் தெரியாதவர், உன்னைப் பார்த்து நேராகக் கேட்டார். "தம்பி தப்பா நெனைக்கப்பிடாது கேட்டோ. பேச்சு இப்படி நிண்ணு நிண்ணு வருதே, கிளாசிலே பிள்ளைகளுக்கு எப்படியாக்கும் பாடம் எடுக்குது?" நீ டம்ளரைக் கீழே வைத்தாய். அவர் முகத்தைப் பார்த்து, "பிள்... பிள்ளை..." என்று தொடங்கினாய். நான் உள்ளே புகுந்துவிட்டேன். "பிள்ளையள் எல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடும் அண்ணாச்சி. நாலு நாள்ல பழகிரும்." அவர் தலையை ஆட்டினார். நீ வாயை மூடிக்கொண்டாய். திரும்பி வரும்போது ஆட்டோவில் வெளியே பார்த்தபடியே வந்தாய், திங்கட்கிழமை காலை தம்பானூரில் விதுரா பஸ் ஏறி உன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாய். உன் அம்மா அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், "அவன் வாயில இருந்து புடுங்கிட்டீயளே" என்றாள். கல்யாணம் நின்றுவிடுமோ என்கிற கவலையில் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். அவள் கவலை அதுவல்ல என்று விளங்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இந்தப் புத்தி எனக்கு இன்று நேற்று வந்ததல்ல. நீ பிறந்தபோது மூச்சு வர நேரமானது, கையும் காலும் நாக்கும் சொன்னதைக் கேட்க நேரம் எடுக்கும், மற்றபடி பிள்ளைக்கு எல்லாம் விளங்கும் என்று டாக்டர் சொன்னார். அதில் கடைசி வாக்கியத்தை உன் அம்மா பிடித்துக்கொண்டாள். நான் முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். நீ ஒரு எழுத்தைத் தொடங்கினால் மிச்ச எழுத்துகளை நான் போட்டுவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னடா தின்றாய் என்று கேட்டால் நீ "இ" என்பாய், நான் "இட்லி" என்று முடித்துவிடுவேன். உதவி செய்கிறேன் என்றுதான் மனதறிய நினைத்தேன். ஆனால் நம் பாஷையில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதைக் கவனிக்க எனக்கு ஏழு வருஷம் பிடித்தது. வேணும் என்பதும் "வே"யில்தான் தொடங்குகிறது, வேண்டாம் என்பதும் "வே"யில்தான் தொடங்குகிறது. நீ "வே" என்று சொல்லிவிட்டு அடுத்த எழுத்துக்காக முகம் சிவக்க முயன்றுகொண்டிருக்கும்போது, நான் எனக்கு வசதியான பாதியை எடுத்து ஒட்டிவிடுவேன். கடைத்தெருவில் பலூன்காரன் முன்னால் நின்றால் "வேண்டாம்ங்கான்". மருந்துக் குப்பியைத் திறந்தால் "வேணும்ங்கான்". எத்தனை வேணும்களை நான் வேண்டாம் ஆக்கினேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்த்ததும் நானல்ல. உன்னை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னேன். உன் அம்மாதான் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்தச் சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கே ஷைலஜா டீச்சர் ஒரு கேள்வியும் கேட்காமல் உன் பேரை எழுதிக்கொண்டாராம். பேரைக் கேட்டதும் "முத்தே" என்று கொஞ்சினாராம், மலையாளத்தில் அது செல்லமாகக் கூப்பிடும் சொல் என்று அவளுக்குத் தெரியாது, பேரைத் தப்பாகச் சொல்கிறாரோ என்று திருத்தியிருக்கிறாள். நாங்கள் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து அப்போது ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. நான் சமையலுக்கு நின்ற ஓட்டல் அடுக்களைக்குள் எல்லாரும் நம்ம ஊர்க்காரர்கள், எனக்கு மலையாளம் படியவே இல்லை. ஒரு மாசம் கழித்து டீச்சர் என்னை வரச்சொல்லி விட்டார். போனால், சிரித்த முகத்தோடு, "குட்டிக்கு ஒரு கூட்டு வேணம். சொவ்வாழ்ச்ச அச்சன் வரணும், கேட்டோ" என்றார். குட்டி என்றால் நீ என்று தெரியும், அச்சன் என்றால் நான் என்று தெரியும். கூட்டு எனக்குத் தெரியாதா? அப்போதே இருபது வருஷமாக அதைத்தானே கிண்டிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை டிபன் வேலை முடிந்ததும் தடியங்காய் நறுக்கி, பருப்பு வேகவைத்து, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்துவிட்டு, தேங்காய் எண்ணெயில் தாளித்து, ஒரு தூக்குவாளி நிறையக் கூட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகளுக்குத் தொடுகறி போதவில்லை, அப்பன் சமையல்காரன் என்று கேள்விப்பட்டுக் கேட்கிறார்கள் என்று நானாக ஒரு கதை கட்டிக்கொண்டேன், கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன். டீச்சர் மூடியைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வாளியைப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் கேட்ட கூட்டு துணையாம். மலையாளத்தில் கூட்டு என்றால் சேர்ந்திருக்க ஒரு ஆள். வகுப்பில் பிள்ளைகளை ஐந்தைந்து பேராகப் பிரித்து வட்டமாக உட்கார வைப்பார்களாம், ஒவ்வொரு வட்டத்திலும் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டுமாம், யாருடைய அம்மாவோ அப்பாவோ கடைக்காரரோ. வாரம் ஒருநாள் நான் வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். எனக்கு மானம் போயிற்று. ஆனால் கூட்டு வீணாகப் போகவில்லை, ஒரு கரண்டி மிச்சமில்லாமல் தின்று தீர்த்தீர்கள்.

பாடம் சொல்லிக்கொடுக்க எனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். சொல்லிக்கொடுக்கவே கூடாது என்றார் டீச்சர். விடை தெரிந்தாலும் சொல்லக்கூடாது. எல்லாரும் பேசுகிறார்களா, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கிறார்களா, விளங்காத பிள்ளைக்கு விளங்கிய பிள்ளை சொல்லிக்கொடுக்கிறதா, இதைப் பார்த்தால் போதும். ஐந்து பேருக்கும் விளங்காமல் அந்த வட்டம் அடுத்த கணக்குக்குப் போகக் கூடாது. எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. கெட்டிக்காரப் பிள்ளைகளை ஒரு பக்கம், மந்தமானவர்களை ஒரு பக்கம், உன்னைப் போன்றவர்களை இன்னொரு பக்கம் உட்கார வைப்பதுதானே முறை என்று நினைத்தேன். ஓட்டலில்கூட வெந்ததையும் வேகாததையும் ஒரே பாத்திரத்தில் போடமாட்டோம். அந்த உவமையை டீச்சரிடமே சொன்னேன். "குட்டிகள் காய்கறியல்லல்லோ" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

நம் வட்டத்தில் யார் யார் என்று உனக்கு நினைவிருக்கும், இருந்தாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்ல ஆசையாக இருக்கிறது. வலியதுறைக் கடற்கரையிலிருந்து வந்த ஜோபின், வாய் ஓயாதவன். கட்டடவேலைக்காகப் பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பிங்கி, மலையாளமும் தெரியாது தமிழும் தெரியாது. இரண்டு பிள்ளைகள் உள்ளூர்ப் பிள்ளைகள். அப்புறம் நீ. முதல் நாள் கணக்கு, இருபத்துநாலு மத்தி மீனை நாலு பேருக்குச் சமமாகப் பங்கு வைக்க வேண்டும். ஜோபின் உடனே சண்டைக்கு வந்துவிட்டான். "வஞ்சிக்கும் ஒரு பங்கு வேணம்" என்றான். அவன் அப்பா கரையில் பங்கு வைக்கும்போது படகுக்கென்று ஒரு பங்கு ஒதுக்காமல் இருந்ததே இல்லையாம். உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டும் அதுவும் சரிதானே என்று அவன் பக்கம் சாய்ந்தன. அஞ்சால் வகுக்கத் தொடங்கினார்கள். பிங்கி ஒன்றும் பேசாமல் சிலேட்டில் இருபத்துநாலு மீன் வரைந்து வைத்திருந்தாள், நாலு மீன் மிஞ்சுகிறதே என்று விரலால் தட்டித் தட்டிக் காட்டினாள், யாருக்கும் பிடிபடவில்லை. அப்போது நீ "ச..." என்றாய். எனக்குக் கை துறுதுறுத்தது. உனக்குச் சலிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்கிறாய் என்று எழுந்தேவிட்டேன். அந்தப் பிள்ளைகள் நாலும் பேச்சை நிறுத்திவிட்டு உன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஓயாத ஜோபின் ஓய்ந்திருந்தான். எவ்வளவு நேரம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை, எனக்கு அது ஒரு பொழுதாகத் தோன்றியது. "ச... ம... ம்" என்று சொல்லி, பலகையில் இருந்த அந்தச் சொல்லை நோக்கிக் கையை நீட்டினாய். கணக்கிலேயே சமமாக என்று இருந்தது. அஞ்சால் வகுத்தால் பிங்கி காட்டியதுபோல் நாலு மிஞ்சும், சமமாக வராது, அதைத்தான் மற்ற மூன்று பேரும் தவறவிட்டிருந்தார்கள். நானும்தான்.

நீ சரியாகச் சொன்னாய் என்பதற்காக நான் மலைத்துப் போனேன் என்று நினைக்காதே. பெற்ற பிள்ளை ஒரு விடை சரியாகச் சொன்னால் எந்த அப்பனும் குளிர்ந்து போவான், அது பெரிய விஷயமல்ல. அந்தக் காத்திருப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏழு வயதுப் பிள்ளைகள், மணியடித்தால் வாசலில் முட்டி மோதுகிறவர்கள், உன் ஒரு சொல்லுக்காக அப்படி உட்கார்ந்திருந்தார்கள். இரக்கத்தோடு உட்கார்ந்திருக்கவில்லை, அதை நான் கவனித்துப் பார்த்தேன். நீ சொல்லப்போவது அவர்களுக்குத் தேவையாக இருந்தது. உன் சொல் யாருக்காவது தேவைப்படும் என்று அந்த நாள்வரை எனக்குத் தோன்றியதே இல்லை. உன்னைப் பெற்றவன் இதை எழுதக் கூசத்தான் செய்கிறது.

இரண்டாம் மாசமோ மூன்றாம் மாசமோ, சங்குமுகம் கடற்கரைக்கு எல்லாரையும் கூட்டிப் போகிறோம் என்று டீச்சர் சொன்னார். யார் யார் வருகிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். உன்னிடம் வந்தார். நீ "வே..." என்றாய். மணலில் உன்னை யார் தூக்கிக்கொண்டு நடப்பது என்று என் மனம் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. "வேண்டாம்ங்கான் டீச்சர்" என்றேன். உடனே ஜோபின் என் பக்கம் திரும்பினான். கோபமில்லை, ஒரு பெரிய மனுஷனுக்கு வழி தெரியாவிட்டால் சொல்லிக்கொடுக்கிற மாதிரியான குரல். "மாமா, அவன் பறஞ்ஞு தீர்ந்நில்லல்லோ" என்றான். அவன் இன்னும் சொல்லி முடிக்கவில்லையே. வட்டம் முழுக்கக் காத்திருந்தது, டீச்சர் காத்திருந்தார், வேறு வழியில்லாமல் நானும் காத்திருந்தேன். "வே... ண... ம்" என்றாய். கடற்கரையில் உன்னை நான் தூக்கவே இல்லை. இரண்டு பக்கமும் இரண்டு பேர் தோள் கொடுக்க நீ அலை வரைக்கும் போனாய். அந்தப் பயல் அன்றைக்குச் சொன்ன வாக்கியம்தான் எனக்கு மலையாளத்தில் முழுசாக விளங்கிய முதல் வாக்கியம்.

அதோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் இன்னொன்றும் நடந்தது. உனக்கு அது நினைவில்லாமல் இருந்தால் நல்லது. பிங்கி எப்போதும் உன்னை ஒட்டித்தான் உட்காருவாள். நீ பேசத் தொடங்கினால் உன் வாயையே உற்றுப் பார்ப்பாள், நீ விட்டு விட்டுச் சொல்கிற ஒவ்வொரு துண்டையும் அவளும் முணுமுணுப்பாள். நீ "பு" என்றால் அவளும் "பு", நீ "ஸ்த" என்றால் அவளும் "ஸ்த". கடற்கரைக்குப் போய்வந்த பிறகு நாலு வாரம் அதைப் பார்த்தேன். அஞ்சாம் வாரம் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ஏட்டி, எம்புள்ளைய பழிப்பா காட்டுத?" என்று அடுக்களைக் குரலில் கத்திவிட்டேன். பிங்கிக்கு நான் சொன்ன ஒரு சொல்லும் விளங்கவில்லை, குரல் மட்டும் விளங்கியது. சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள். நீ என்னைப் பார்த்த பார்வையை நான் ஞாயிற்றுக்கிழமைவரை மறுபடி பார்த்ததில்லை.

டீச்சர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். அவர் மலையாளத்தில் மெதுவாகச் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். பிங்கிக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாருமே மிக வேகமாகப் பேசுகிறார்கள். டீச்சரும் அப்படித்தான், ஜோபின் அதைவிட. யார் பேசினாலும் சொல் எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று அவளுக்குப் பிடிபடுவதில்லை. ஒரே ஒருவன்தான் ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, ஒவ்வொரு எழுத்தாக, அவள் கையில் வைப்பதுபோல் கொடுக்கிறான். அவள் மலையாளம் படித்துக்கொண்டிருப்பது உன் வாயிலிருந்து. "முத்துவாணு அவளுடெ டீச்சர்" என்றார். எதை நான் ஏழு வருஷமாக மறைத்து மூடிக்கொண்டு திரிந்தேனோ, எதை யாரும் கேட்டுவிடக் கூடாது என்று முந்திக்கொண்டு பேசினேனோ, அதில் ஏறி ஒரு பெண்குழந்தை ஒரு முழு பாஷைக்குள் வந்துகொண்டிருந்தது. கோயிலில் நின்றாலும் எனக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை. உள்ளே போய் அவள் முன்னால் குனிந்து, "மன்னிச்சிரு தாயி" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் வாயைப் பார்த்து, "தா... யி" என்று சொல்லிப் பார்த்தாள்.

இவ்வளவையும் கண்ணால் கண்டவன் நான். அந்தக் கேள்வியை ஆரியசாலையில் ஆனந்தியின் அப்பா கேட்டபோது, இந்த உலகத்திலேயே அதற்குச் சாட்சி சொல்லத் தகுதியானவன் நானாகத்தான் இருந்திருப்பேன். ஆனால் நான் என்ன சொன்னேன்? பிள்ளைகள் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வார்கள் என்றேன். உன்னைப் பொறுத்துக்கொள்வார்கள் என்று சொன்னதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? பயந்துவிட்டேன் முத்து. உன் சொல் வர நேரமாகும், அதற்குள் அவர் முகம் மாறிவிடும், சம்பந்தம் கைவிட்டுப் போய்விடும் என்று பயந்துவிட்டேன். ஏழு வயது ஜோபினுக்கு இருந்த நெஞ்சுரம் அறுபத்திரண்டு வயதில் எனக்கு இல்லாமல் போயிற்று. உன் அம்மா எதற்காகப் பேசாமல் இருக்கிறாள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் அப்பன் என்பதால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வருகிற உன் வகுப்புப் பிள்ளைகளின் அப்பன்மார் சிலர் என்னைப் போலத்தான் இருப்பார்கள். தேயிலைப் பையைக் கழற்றி வைத்த கையோடு வந்து, பிள்ளைக்கு முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள். பிள்ளையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகப் பார்ப்பார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிடாதே. வட்டத்துக்குள் கூட்டி உட்கார வை. என்னை யாராவது வெளியே நிறுத்தியிருந்தால், நான் இன்றுவரை "வே"க்கு எனக்குப் பிடித்த பாதியை ஒட்டிக்கொண்டு திரிந்திருப்பேன். பிள்ளைகளிடம் கற்றுக்கொள்ளப் பெரியவர்களுக்கு ஒரு இடம் வேண்டும், அதை எனக்குக் கொடுத்தது அந்தப் பள்ளிக்கூடம்தான்.

இனி, இந்தக் கடிதத்தை எழுத உட்கார வைத்த விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுச் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, வலியசாலை விசேஷ வீடு ஒன்றின் சமையலுக்குக் காய்கறிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், போன் வந்தது. ஆனந்தி. நான் நினைத்தது, வேண்டாம் என்று சொல்லக் கூப்பிடுகிறாள் என்றுதான். "மாமா, அண்ணைக்கு அப்பா கேட்டதுக்கு அவங்க என்னமோ பறைய வந்தாங்கல்லே? பிள்ளைன்னு தொடங்கினாங்க. நீங்க பறஞ்சது நான் கேட்டேன். அவங்க பறைய வந்தது அதுவாக்கும்னு எனக்குத் தோணல்ல. என்னதாக்கும் அது?" என்று கேட்டாள்.

என் நாக்கு நுனியில் எல்லாம் தயாராக இருந்தது, நீ நம்புவாயோ மாட்டாயோ. பிங்கி, ஜோபின், மத்தி மீன், கடற்கரை, ஒன்றுவிடாமல் சொல்லி அவளை உருக வைத்திருப்பேன். உன்னைவிட அழகாகச் சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தும்விட்டேன். பக்கத்தில் உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், கை நின்றுவிட்டது, என் முகத்தையே பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "அவன்தான் சொல்லணும். கொஞ்சம் நேரமாகும்."

அவள் சொன்னாள், "ஆகட்டும் மாமா. எனக்கு ஞாயிறு முழுசும் லீவாக்கும்."

தன் அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஞாயிறு காலை பஸ்ஸில் உன்னைப் பார்க்க விதுரா வருகிறாள். அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம். நானும் உன் அம்மாவும் வரவில்லை.

அப்பா

இந்தக் கடிதத்தில் நீ சொல்ல வேண்டியது எதையாவது நான் சொல்லியிருந்தால், அதை அடித்துவிடு.